கறுப்பியின் மூச்சை எண்ணிய நாட்கள்

ஏப்ரல் 24

மூன்று நாளாக எங்கள் பசு கறுப்பியின் பால் இறங்கிக்கொண்டே போகிறது. காலையில் ஏழு லிட்டர் கறப்பவள் இன்று ஐந்தரைதான். பால் ஊற்றும் சொசைட்டியில் பார்த்தால் பாலின் கொழுப்பும் 3.9 சதவீதத்திலிருந்து 3.3-க்கு வந்துவிட்டது. பகலில் போட்ட சோளத்தட்டு அப்படியே கிடக்கிறது, தண்ணீர்த் தொட்டி மட்டும் காலி. மதியம் முழுக்கப் படுக்காமல் நின்றே இருக்கிறாள், எச்சில் நூலாகத் தரைவரை இறங்குகிறது.

இவள் எச்.எஃப் (ஹோல்ஸ்டீன் ஃபிரீசியன்) என்ற சீமை மாட்டுக் கலப்பு. பக்கத்துக் காட்டில் பெரியப்பாவின் ஆலம்பாடி நாட்டு மாடு இதே வெயிலில் புளியமரத்தடியில் படுத்து அசைபோடுகிறது. தருமபுரி வெயில் அதற்குப் பழக்கம், இவளுக்கு இல்லை.

ஏப்ரல் 26

இன்று தப்பு பண்ணிவிட்டேன். தகரக் கொட்டகைக்கு நாலு பக்கமும் சாக்கு கட்டி நனைத்தேன். கறுப்பி மேலும் குடம் குடமாக ஊற்றிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டேன். ஒரு மணி நேரம் கழித்து வந்தால் வாய் திறந்து, நாக்கு வெளியே தொங்க, வயிறு துருத்தி மாதிரி அடிக்கிறது.

அத்தை உள்ளே நுழைந்ததுமே, "இட்லிப் பானையாட்டம் இருக்குதடி, சாக்கை அவுரு" என்று அதட்டினார். அவிழ்த்து அவளை மரத்தடிக்கு ஓட்டினோம். கால்நடை மருத்துவர் வந்து பார்த்தபோது காய்ச்சல் 104. சாதாரணமாக 101.5 பக்கம் இருக்கணுமாம்.

"ஏம்மா, தண்ணி ஊத்துனா மட்டும் போதாது. காத்து பட்டு அது ஆவியாகிப் போனாத்தான் சூடு இறங்கும். காத்தை அடைச்சுட்டீங்களே" என்றார். அவர் கோபப்படவில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது.

ஏப்ரல் 27

மருத்துவர் மூச்சு எண்ணக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனார். பின்விலா ஓரம், தொடைக்கு முன்னால் இருக்கும் குழியைப் பார்க்கணும். ஏறி இறங்கினால் ஒன்று. செல்போனில் ஒரு நிமிஷம் வைத்து எண்ணினேன்: காலை 6 மணிக்கு 38, மதியம் 2 மணிக்கு 92. அறுபதைத் தாண்டினாலே மாடு வெயிலோடு மல்லுக்கட்டுகிறது என்று அர்த்தமாம். பால் குறைந்த பிறகு தெரிந்துகொள்வதைவிட இது எவ்வளவோ மேல்.

மே 1

சாக்கை ஒரு பக்கம் மட்டும், காற்று வருகிற மேற்கில் வைத்துக்கொண்டோம். கூரைமேல் தென்னங்கீற்று பரப்பி, பழைய டேபிள் ஃபேனை உயரத்தில் கட்டினோம். முடி நன்றாக நனைய ஊற்றி, கால் மணி ஃபேன், மறுபடி நனைப்பு. மதியம் 2 மணிக்கு மூச்சு 64.

தீவன நேரத்தையும் மாற்றியாச்சு. தின்றது வயிற்றில் புளித்துச் செரிக்கும்போதே உள்ளே சூடு கிளம்புமாம். பகல் பத்து மணிக்குத் தட்டு போட்டால் உச்சி வெயிலும் அந்தச் சூடும் சேர்ந்து அவளை வதைக்கும். இப்போது விடியுமுன் ஒரு பங்கு, பெரும் பங்கு ராத்திரி எட்டுக்கு மேல். பகலில் கொஞ்சம் பசும்புல் மட்டும். பாலில் கொழுப்பு குறைந்ததற்கும் மருத்துவர் காரணம் சொன்னார்: இரைப்பையின் புளிப்பை ஆற்றுவது எச்சில், அது ஒழுகி வீணானால் வயிறு புளித்துப்போகும். அதனால் அவர் சொன்ன அளவில் ஆப்பசோடாவும் தாது உப்பும் தவிட்டில் கலந்து தருகிறேன்.

மே 4

கத்திரி பிறந்தாச்சு. தொட்டித் தண்ணீரில் கை வைத்தேன், வெந்நீர். கருப்புக் குழாய் வெயிலில் கிடந்து காய்ந்திருக்கிறது. குழாயை மண்ணில் புதைத்து, தொட்டியையும் நிழலுக்கு நகர்த்தினோம். ஆறிய தண்ணீரை அவள் தலை தூக்காமல் குடித்ததைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

காலை ஆறே கால் லிட்டர்.

மே 9

கன்று போட்டு மூன்று மாதமாகிறது, இன்னும் பருவத்துக்கே வரவில்லை என்று கவலையாக இருந்தது. வெயில் காலத்தில் பகலில் கத்தாது, தாவாது, ராத்திரியில் சத்தமில்லாமல் வந்து போய்விடும் என்று அத்தை சொல்லிக்கொண்டே இருந்தார். இன்று விடிகாலை நாலரைக்குத் தீவனம் வைக்கப் போனபோது டார்ச் வெளிச்சத்தில் வாலடியில் கண்ணாடி போல வழும்பு தொங்கியது, பருவத்துக்கு வந்த அடையாளம். அத்தையை எழுப்பிக் காட்டினேன்.

காலையில் பார்த்தால் மாலையில் சினை ஊசி. பகல் முழுக்க நான் கொட்டகையை விட்டு நகரவில்லை, நாலு தடவை நனைத்தேன். ஊசி போட ஆள் வரும்போது மணி ஆறு. எண்ணிப் பார்த்தேன், 46.