சாவி மட்டும் என்னிடம்

சபையில் காணிக்கைக் கணக்கு என் கைக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. ஆராதனை முடிந்ததும் இரண்டு பேர் உட்கார்ந்து எண்ணுவோம். நான் எண்ணியதை இன்னொரு சகோதரி மறுபடி எண்ணுவார். இருவரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பையை மூடுவோம். ஒரு பென்சில் வாங்கினாலும் ரசீது வேண்டும். எருசலேமின் ஏழைகளுக்காகச் சேர்த்த பணத்தை அப்போஸ்தலன் பவுலும் தன் ஒருவர் பொறுப்பில் வைத்துக்கொள்ளவில்லை. யாரும் குற்றம் சொல்ல இடம் இருக்கக் கூடாதென்று சபைகள் தெரிந்தெடுத்த சகோதரனையும் சேர்த்து அனுப்பினார். 2 கொரிந்தியர் 8-இல் அதைப் படித்ததிலிருந்து, இந்த இரட்டை எண்ணிக்கை எனக்குச் சலித்ததே இல்லை.

போன மாதம் சபைக் கணக்கை முடித்த கையோடு, அதே மேசையில் வீட்டு நோட்டைத் திறந்தேன். முதல் வரியில் தசமபாகம், வருமானத்தில் கர்த்தருக்கென்று கொடுக்கும் பத்தில் ஒரு பங்கு, துளி பிசகில்லாமல். அதன் கீழே ஏழெட்டு வரிகள். கடைசியில் ‘சில்லறைச் செலவு’ என்று ஒரு தொகை. அது தசமபாகத்தைவிட அதிகம்! எங்கே போனதென்று எவ்வளவு யோசித்தும் பாதிகூட நினைவுக்கு வரவில்லை. சபைக் கணக்கில் இப்படி ஒரு வரி எழுதியிருந்தால் என்னிடமிருந்து நோட்டை வாங்கியிருப்பார்கள். வாங்கவும் வேண்டும்.

கணவரிடம் காட்டினேன். “பத்தில் ஒன்றைக் கொடுத்தாச்சே, அப்புறம் என்ன?” என்றார். நானும் இத்தனை வருடம் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒன்று கர்த்தருக்கு, மீதி ஒன்பது எனக்கு என்று.

நம் பழைய வேதாகமத்தில் ‘உக்கிராணக்காரன்’ என்று ஒரு சொல் வரும். உக்கிராணம் என்றால் பண்டகசாலை. சாவி அவன் இடுப்பில் இருக்கும், உள்ளே இருக்கும் ஒரு மணி தானியமும் அவனுடையதல்ல. லூக்கா 16-இல் எஜமான் அவனைக் கூப்பிட்டு, “உன் உக்கிராணக் கணக்கை ஒப்புவி” என்கிறான். பத்தில் ஒரு பங்குக்கு மட்டுமா கணக்குக் கேட்டான்? முழுப் பண்டகசாலைக்கும்தான். தசமபாகம் கொடுத்த இஸ்ரவேலனுக்குக்கூட வயலின் ஓரத்தைத் தீர அறுக்க அனுமதி இல்லை. அது எளியவனுக்கும் பரதேசிக்கும் என்று லேவியராகமம் 19 சொல்கிறது. அப்படியென்றால் அந்த ஒன்பதும் அவன் இஷ்டத்துக்கு விடப்பட்டதில்லை.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஆங்கிலேயப் போதகர் ஜான் வெஸ்லி தன் பிரசங்கம் ஒன்றில் ஒரு வாலிபனைப் பற்றிச் சொல்கிறார். முதல் வருடம் வருமானம் 30 பவுண்டு; 28-இல் வாழ்ந்து 2 பவுண்டு கொடுத்தான். அடுத்த வருடம் 60 வந்தது. அதே 28, கொடுத்தது 32. பிறகு 90, பிறகு 120. அப்போதும் செலவு 28-தான். அது வெஸ்லியின் சொந்தக் கதையே என்பார்கள். எல்லோரும் அதே அளவில் வாழ வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகள், வைத்தியம் என்று வீட்டுக்கு வீடு தேவை வேறு. ஆனால் சம்பளம் கூடின ஒவ்வொரு தடவையும் என் ‘28’ கேட்காமலே கூடியிருக்கிறது. அதைத்தான் என்னால் தாண்டிப் போக முடியவில்லை.

பணத்தோடு இது நிற்கவும் இல்லை. அலமாரிக்குப் பக்கத்தில் அம்மா தந்த தையல் மெஷின் எட்டு வருடமாகத் துணி போர்த்தி இருக்கிறது. நேற்று துணியை விலக்கிச் சக்கரத்தைத் தொட்டேன், அசையவில்லை. எண்ணெய் பிசினாக உறைந்து, ஊசிக் கம்பியில் துரு. இயேசு சொன்ன உவமையில், எஜமான் தந்த தாலந்துப் பணத்தைப் புதைத்தவனாவது வாங்கினதை வாங்கினபடி திருப்பிக் கொடுத்தான். நான் துருப்பிடிக்க விட்டிருக்கிறேன். நெஞ்சு அடைத்துக்கொண்டது.

மண்ணெண்ணெய் விட்டு, பழைய துணியால் துடைத்து, கொஞ்சம் கொஞ்சமாக அசைத்தேன். சாயங்காலம் சக்கரம் முழுச் சுற்று வந்தது. சபையில் ஒரு தங்கை தையல் படித்துவிட்டு மெஷின் இல்லாமல் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அண்ணனோடு வந்து எடுத்துப்போவதாகச் சொன்னாள். அதற்குள் ஊசியும் பெல்ட்டும் புதிதாக மாற்ற வேண்டும். இந்த மாதச் சில்லறைச் செலவில் முதல் வரியாக அதை எழுதிவிட்டேன்.