மேடையில் இடம் கிடைக்காதவர்கள்

எங்கள் கல்லூரி தந்தவற்றுள் இன்றும் என்னோடு கூட வருவது வரலாற்று ரீச்சரின் ஒரு பதில். மார்ட்டின் லூதர் கிங் 1963 ஓகஸ்ட் 28ஆம் திகதி வோஷிங்டனில் ஆற்றிய உரையை, பேச்சுப் போட்டிக்காக எங்கள் வகுப்பில் ஒருவன் தமிழில் மனனம் செய்து பேசிக் காட்டினான். கணீரென்ற குரல் அவனுக்கு. அவன் முடித்ததும் கடைசி வாங்கிலிருந்த என் தோழி எழும்பி, "அண்டைக்கு அந்த மேடையில பொம்பிளையள் ஒருத்தரும் பேசேல்லையோ, ரீச்சர்?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. ரீச்சர் சிரிக்கவில்லை. "நல்ல கேள்வி, பிள்ளை. பேசினவை ஆர், பேச விடாமல் இருத்தி வைச்சவை ஆரை, ரெண்டையும் தேடிப் பாருங்கோ" என்றார்.

எங்கள் நூலகத்தில் அதற்கு விடை இருக்கவில்லை. வெளிநாடு வந்து பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பிறகுதான் தேட முடிந்தது.

கிங் அன்று பேசியது, கறுப்பின மக்களின் வேலைக்கும் உரிமைக்குமாக இரண்டரை இலட்சம் பேர் திரண்ட பேரணியில். ஏற்பாட்டுக் குழுவில் இருந்த ஒரேயொரு பெண் அன்னா ஆர்னல்ட் ஹெட்ஜ்மன். முக்கிய உரையாளர் வரிசையில் ஒரு பெண்ணின் பெயரும் இல்லாததைக் கண்டு அவர் எதிர்ப்புத் தெரிவித்தார். கடைசியில் கிடைத்தது, போராட்டப் பெண்களைக் கௌரவிக்கும் ஒரு சிறு நிகழ்வு. அதில் டெய்ஸி பேட்ஸ் ஒரு நிமிடமளவில் பேசினார். 1957இல் லிட்டில் ரொக் நகரில், வெள்ளை மாணவர் மட்டுமே படித்த பாடசாலைக்குள் ஒன்பது கறுப்பின மாணவர் காலெடுத்து வைத்தபோது அவர்களுக்கு வழிகாட்டி நின்றவர் அவர். பேருந்தில் வெள்ளையருக்கு இருக்கையை விட்டுக்கொடுக்க மறுத்த ரோசா பார்க்ஸின் பெயரைச் சொல்லி அறிமுகப்படுத்தினார்கள், அவ்வளவுதான். மஹாலியா ஜாக்சனும் மரியன் அண்டர்சனும் பாடினார்கள். பாட்டுக்குப் பெண்குரல் வேண்டியிருந்தது. கோரிக்கையை எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பேரணி முடிந்து ஜனாதிபதி கென்னடியைச் சந்திக்கப் போன தலைவர்களிலும் ஒரு பெண் இல்லை. இதை வாசித்தபோது வந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. நிறவெறிக்கு எதிராக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற மனிதர்கள், பக்கத்தில் அதே ஆபத்தோடு நின்ற பெண்களுக்கு ஒலிவாங்கியைக் கொடுக்கவில்லை.

அந்தப் பேரணியை நடத்திக் காட்டிய மூளை பேயார்ட் ரஸ்டின். இவ்வளவு பெரிய கூட்டத்தை ஏறக்குறைய இரண்டு மாதத்தில் திரட்டி, ஒழுங்காக வீடு போய்ச் சேரவும் வைத்தவர். அவர் தன்பாலீர்ப்பாளர். 1953இல் கலிபோர்னியாவில் அதன் பேரில் கைதாகிச் சிறை சென்றவர். ஆகவே அவருடைய பெயர் முன்னுக்கு வரக்கூடாது என்று கறுப்பினத் தலைவர்களிலேயே சிலர் நின்றார்கள். மூத்த தொழிற்சங்கத் தலைவர் பிலிப் ரண்டொல்ப் தானே பேரணியின் பணிப்பாளர் பொறுப்பை எடுத்து, ரஸ்டினைத் துணைப் பணிப்பாளராக்கி வழி கண்டார். பேரணி நெருங்கிய வேளையில் நிறப் பிரிவினையை ஆதரித்த செனற்றர் ஸ்ட்ரொம் தேர்மண்ட் அந்தப் பழைய வழக்கைச் செனற் சபையிலேயே கிளறினார். அப்போதும் ரண்டொல்ப் அவரைக் கைவிடவில்லை.

தேர்மண்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இளம் வயதில் அவருக்கு, தன் பெற்றோர் வீட்டில் வேலை செய்த பதின்ம வயதுக் கறுப்பினப் பெண்ணிடம் ஒரு மகள் பிறந்திருந்தாள். அது பகிரங்கமானது அவர் இறந்த பிறகு, 2003இல். ஒருவருடைய அந்தரங்கம் காவல்துறைப் பதிவேட்டில் ஏறிச் சபையில் வாசிக்கப்பட்டது. மற்றவருடையது அவரது ஆயுள் முழுக்கப் பத்திரமாக இருந்தது. அந்தப் பணிப்பெண்ணிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. நிறமும் பாலினமும் பாலீர்ப்பும் சேர்ந்து என்ன செய்யும் என்பதை எனக்கு இந்த மூன்று பேரும் விளங்கவைத்த அளவு எந்தப் பாடநூலும் விளங்கவைக்கவில்லை. ரஸ்டின் ஆண் என்பதால் ஹெட்ஜ்மனுக்குக் கிடைக்காத அதிகாரம் அவர் கையில் இருந்தது. ஆனால் ஹெட்ஜ்மன் ஒருநாளும் அறியத் தேவையில்லாத ஒரு பயம் ரஸ்டினுக்கு ஒவ்வொரு நாளும் இருந்தது. ஒரே ஆளுக்குள் உயர்வும் தாழ்வும் சேர்ந்தே குடியிருக்கின்றன.

பிறகு வேலைக்குப் போனேன். பெண் ஊழியர் கூட்டத்தில் நிறத்தைப் பற்றி வாய் திறந்தால் "அது வேறு விடயம்" என்பார்கள். சிறுபான்மை ஊழியர் கூட்டத்தில் பெண்களைப் பற்றிப் பேசினாலும் அதே பதில். அந்தக் காலத்தில்தான் அமெரிக்கக் கார் நிறுவனமான ஜெனரல் மோட்டர்ஸ் மீதான வழக்கை வாசித்தேன். 1964க்கு முன் அந்த நிறுவனம் கறுப்பினப் பெண்களை வேலைக்கு எடுக்கவில்லை. பின்னால் ஆட்குறைப்பு வந்தபோது, கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் என்ற விதிப்படி அவர்களே வெளியேற்றப்பட்டார்கள். ஐந்து பெண்கள் வழக்குப் போட்டார்கள். பெண்களை எடுத்திருக்கிறார்களே, ஆகவே பாலினப் பாகுபாடு இல்லை என்றது 1976இல் நீதிமன்றம். அங்கே எடுக்கப்பட்டிருந்த பெண்கள் வெள்ளையர். இனப் பாகுபாடு என்றால் வேறொரு வழக்கோடு சேர்ந்துகொள்ளலாம். இரண்டையும் சேர்த்து ஒரே முறைப்பாடாகக் கொண்டுவர முடியாது என்றும் சொன்னது. சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷோ 1989இல் இந்தத் தீர்ப்பை எடுத்துத்தான், நிறமும் பாலினமும் இரு தெருக்களாகச் சந்திக்கும் நாற்சந்தியில் விபத்துக்குள்ளானவரை எந்தத் தெரு வாகனம் அடித்தது என்று பிரித்துக் கேட்க முடியாது என்று விளக்கினார்.

அதேவேளை என் மேசையில் கணவரின் படம் இருந்தது. ஒருவரும் அதைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அது ஒரு சலுகை என்று எனக்குத் தெரியவந்தது, அன்று வகுப்பில் பேசிக் காட்டிய நண்பன் ஒருமுறை தொலைபேசியில் பேசியபோதுதான். அவனும் எங்களைப்போல் புலம்பெயர்ந்தவன். இருபது வருடமாகத் தன் துணைவரோடு வாழ்கிறான். நிறத்துக்காக நான் பட்டதையெல்லாம் அவனும் பட்டிருக்கிறான். ஆண் என்பதால் கூட்டங்களில் அவன் பேச்சு என்னுடையதைவிட எளிதாக எடுபட்டது, அதை அவனே ஒப்புக்கொள்கிறான். ஆனால் அலுவலகத்தில் மேசைப் படம் இல்லை. "நிறத்துக்குத் துணையாய் உங்களெல்லாரிட்டையும் வரலாம். இதுக்கு உங்களிட்டையும் வரேலாது எண்டுதான் நினைச்சனான்" என்றான். எங்கள் கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தின் ஒன்றுகூடல் எதற்கும் அவன் வந்ததில்லை. அழைப்பிதழில் "துணைவியாருடன் வருக" என்று அச்சடித்திருந்தால் எப்படி வருவான்?

வருகிற பொதுக்கூட்டத்தில் இரண்டு பிரேரணைகள் கொடுத்திருக்கிறேன். அழைப்பிதழில் அந்த வரியை "உங்களுடன் வருபவரோடு" என்று மாற்ற வேண்டும். நினைவுப் பேருரைக்கு, அன்று கடைசி வாங்கிலிருந்து கேள்வி கேட்ட தோழியை அழைக்க வேண்டும். அவள் இன்று சட்டம் படிப்பிக்கிறாள். வழிமொழிய ஒருவர் தேவை.