கைதட்டிவிட்டுப் போ

“நான் அவர்களுக்குக் கைதட்ட வேண்டுமா, சார்?” என்று ஆட்டம் முடிந்ததும் எங்கள் கால்பந்து அணியின் இடப்பக்கத் தடுப்பாட்டக்காரன் ரசிகர்களைக் குறித்துக் கேட்டான். “ஆமாம், கைதட்டிவிட்டுப் போ” என்று நான் சொன்னேன். யோசிக்க ஒரு நொடியாவது எடுத்துக்கொண்டேனா என்பதுதான் இன்றும் என்னை உறுத்துகிறது.

இடப்பக்கத் தடுப்பாட்டக்காரனுக்கு ஆட்டத்தின் ஒரு பாதியில் ஒரு பக்கத்து எல்லைக்கோட்டை ஒட்டிய இருக்கைகளும், அணிகள் பக்கம் மாறியபின் மறு பாதியில் எதிர்ப்பக்கத்து இருக்கைகளும் கூப்பிடு தூரத்தில் இருக்கும். நடுக்களத்தில் ஆடுபவனுக்கு வெறும் இரைச்சலாகக் கேட்பது இவனுக்குச் சொல் சொல்லாகக் கேட்கும். அன்று அவன் கோல்காப்பாளருக்குத் தள்ளிய பந்து வலுவின்றிப் போய் எதிரணியின் காலில் சிக்கிக் கோலானது. அதன்பின் ஆட்டம் முடியும்வரை, எங்கள் அணியின் சட்டையை அணிந்திருந்த ஒருவர் அவனுடைய தாயைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார்.

ஊடகத் தொடர்பு என் பொறுப்பு என்பதால், நான் சொன்னதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2020 மார்ச் 4 அன்று, நாரிச் அணியிடம் பெனால்டி உதைகளில் இங்கிலாந்தின் டாட்டன்ஹாம் அணி தோற்ற பிறகு, தன்னை வசைபாடிய சொந்த அணி ரசிகரைத் தேடி அதன் வீரர் எரிக் டையர் இருக்கைகளின்மேல் ஏறிப் போனார். நான்கு ஆட்டத் தடையும் 40,000 பவுண்டு அபராதமும் அவர் தலையில் விழுந்தன. 2019 அக்டோபரில், இன்னொரு இங்கிலாந்து அணியான ஆர்சனலின் தலைவர் கிரானிட் ஜாக்கா களத்திலிருந்து மாற்றப்பட்டு வெளியேறியபோது எழுந்த கூச்சலுக்குக் காதில் கைவைத்துக் காட்டினார், சட்டையைக் கழற்றினார்; ஒன்பது நாளில் தலைமைப் பொறுப்பு போயிற்று. இந்த இரண்டு கதைகளையும் இளம் வீரர்களுக்கு நான் எப்போதும் சொல்வதுண்டு.

ஆனால் ஜாக்காவின் கதையை நான் பாதியில் நிறுத்திவிடுகிறேன். மனைவியையும் மகளையும் குறித்துத் தனக்கு என்னென்ன வசைகள் வந்தன என்பதைச் சில நாட்களில் அவரே எழுதி வெளியிட்டார் என்பதையும், 2023 மே மாதம் ஆர்சனலுக்காக அவர் ஆடிய கடைசி ஆட்டத்தில் அதே அரங்கம் அவரைப் போகவேண்டாம் என்று பாடியது என்பதையும் சொல்வதில்லை. சொன்னால் என் அறிவுரை நிற்காது. அவர் அன்று அடங்கிப் போயிருந்தால் அந்தப் பாட்டு வந்திருக்குமா, வராதா என்று எனக்குத் தெரியாது. ஒருவேளை இரண்டுக்கும் தொடர்பே இல்லாமலும் இருக்கலாம்.

அவனைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன் என்று இப்போதும் வாதிட முடியும், தடையும் அபராதமும் வரவில்லையே. ஆனால் கேமராக்கள் எதைப் பிடிக்கும் என்பதுதான் அந்தக் கணத்தில் என் நினைவில் இருந்தது. அவனுடைய தாய் என் நினைவில் இல்லை. வசைபாடியவரின் இருக்கை எண்ணைக் குறித்துக்கொண்டு பாதுகாவலர்களிடம் சொல்லியிருக்கலாம் என்பது வீட்டுக்குப் போகும் வழியில்தான் தோன்றியது.

அவன் போய்க் கைதட்டினான். அந்த மனிதரும் எழுந்து நின்று கைதட்டினார். “பக்குவமாக நடந்துகொண்டார்” என்று நான் அறிக்கையில் எழுதினேன். அடுத்த ஆட்டத்துக்கு முன்பு, நாணயச் சுழற்சியில் வென்றால் முதல் பாதியில் எந்தப் பக்கத்தை எடுப்போம் என்று அவன் அணித்தலைவரிடம் மெல்லக் கேட்டுக்கொண்டிருந்ததைக் கடந்துபோகும்போது கேட்டேன்.