உதறினால் திறக்கணும்

"ஏனுங்க தம்பி, இது வெத்தலைப் பெட்டிங்களா?"

கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் அப்படித்தான் கேட்டார். நான் கொடுத்தது கறுப்பு பிளாஸ்டிக்கில் ஒரு சின்னப் பெட்டி, அதன் மேல் பித்தளை நிறத்தில் சல்லடை மூடி. அவர் மேல் தப்பில்லை. எங்கள் அப்பத்தா வைத்திருந்த வெத்தலைப் பெட்டியும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கும். "போனுக்குப் பின்னாடி ஒட்டிக்கிறதுங்கண்ணா. கையை இப்படி உதறினா மூடி டப்புனு திறக்கணும்" என்றேன். "எதுக்குங்க?" என்றார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் உருப்படியான பதில் கிடையாது.

ஸ்டார் ட்ரெக் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. 1966இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஆரம்பித்த அந்தத் தொடரில் கேப்டன் கிர்க் இடுப்பிலிருந்து ஒரு கருவியை எடுத்து மணிக்கட்டை ஒரு உதறு உதறுவார். சல்லடை மூடி எழும்பும், தன் விண்கப்பலோடு பேசுவார். கம்யூனிகேட்டர் என்று அதற்குப் பெயர். அதை வடிவமைத்துச் செய்து கொடுத்தவர் வா மிங் சாங் என்ற சிற்பி. தொடரில் அவர் பெயர் போடவே இல்லை என்பது எனக்கு இன்னும் ஆறாத கோபம். 1996இல் மோட்டரோலா ஒரு ஃபிளிப் போன் கொண்டுவந்து ஸ்டார்டேக் என்று பெயர் வைத்தது. ரசிகர்கள் யாரும் விளக்கம் கேட்கவில்லை.

அந்தக் கம்யூனிகேட்டர் மாதிரி போனுக்கு ஒன்று வேண்டும் என்று நண்பர்கள் ஆறேழு பேர் கேட்டதால்தான் ஆரம்பித்தேன். படம் அச்சடித்த கவர் எங்கும் கிடைக்கிறது. அது யாருக்கும் வேண்டாம். உதற வேண்டும், அவ்வளவுதான். போனுக்குப் பின்னால் காந்தத்தில் ஒட்டும் பெட்டி, திறந்த மூடியே போனை மேஜையில் நிறுத்தும் ஸ்டாண்டு. கணினியில் வரைய ஒரு வாரம்கூட ஆகவில்லை. முதல் மூடிக்கு பாத்திரக் கடையில் மாவு சல்லடை வாங்கிக் கத்தரித்தேன். அம்மா இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

முதல் அடி வெயிலிடமிருந்து. த்ரீடி பிரிண்டரில் எல்லாரும் போடும் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் இழையில்தான் அச்சடித்தேன். நண்பன் அதை மே மாதம் காருக்குள் வைத்துவிட்டு சினிமாவுக்குப் போயிருக்கிறான். வந்து பார்த்தால் பெட்டி அப்பளம் மாதிரி நெளிந்து கிடந்தது. பிஎல்ஏ சுமார் 60 டிகிரியிலேயே இளகிவிடும். கண்ணாடி ஏற்றிய காரின் டேஷ்போர்டு அந்தச் சூட்டைச் சாதாரணமாகத் தொடும். பிஇடிஜி என்ற இன்னொரு இழைக்கு மாறினேன். அது 80 டிகிரி வரை தாங்கும், ஆனால் உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்குவதற்குள் கை கழன்றுவிடும்.

இரண்டாவது அடி சல்லடையிடமிருந்தே. தொடரில் அந்தச் சல்லடைதான் ஆன்டெனா. என் கையில் அது ஆன்டெனாவுக்கு எமன். மூடியிருக்கும்போது வயர்லெஸ் சார்ஜ் ஏறவில்லை. சார்ஜர் பக்கத்தில் உலோகம் வந்தால் அதில் சுழல் மின்னோட்டம் ஓடித் தகடு சூடேறும், சார்ஜர் பயந்து நின்றுவிடும். காந்தம் வேறு போனில் இருக்கும் திசைகாட்டியைக் குழப்பியது. கடைசியில், சார்ஜ் போடும்போது கழற்றி வைக்கவும் என்று ஒரு துண்டுச்சீட்டு எழுதிப் பெட்டியோடு சேர்த்துவிட்டேன். எல்லாவற்றுக்கும் பொறியியல் தீர்வு தேட எனக்குப் பொறுமை இல்லை.

பொறுமை எல்லாம் கீலுக்குத்தான் செலவானது. சாதாரணக் கம்பிச் சுருள் போட்டேன். லேசாகப் போட்டால் சட்டைப் பையில் தானாகத் திறந்தது. முறுக்கிப் போட்டால், உதறியபோது மூடி அசையாமல் பெட்டியே போனைவிட்டுக் கழன்று சோபாவுக்கு அடியில் போய் விழுந்தது. மூடி இறுகிப் பிடித்தும் இருக்க வேண்டும், ஒரு உதறலில் விடவும் வேண்டும். பதினோரு கீல் செய்து பதினொன்றையும் தூக்கிப் போட்ட பிறகுதான் பட்டறை வாசலில் நின்றேன்.

அண்ணன் மூடியை நாலைந்து முறை திறந்து மூடினார். பேசாமல் என்னை வெளியே கூட்டிப்போய், தன் ஸ்பிளெண்டரின் சைடு ஸ்டாண்டைக் காலால் மெதுவாகத் தள்ளினார். பாதி தூரம்வரை ஸ்பிரிங் எதிர்த்தது. அதற்கப்புறம் அதே ஸ்பிரிங் ஸ்டாண்டை இழுத்துக்கொண்டு போய் மேலே சேர்த்தது. "மூடவும் அதே ஸ்பிரிங்தான், திறக்கவும் அதே ஸ்பிரிங்தானுங்க" என்றார். ஸ்பிரிங்கின் இழுப்புக் கோடு கீலின் மையத்தைத் தாண்டும் இடத்தில் கட்சி மாறிவிடுகிறது. பத்து வருஷமாக வண்டி ஓட்டுகிறேன், தினமும் காலில் தட்டுகிறேன், புத்தியில் ஏறவில்லை.

பால்பாயின்ட் பேனா ஸ்பிரிங்கைப் பாதியாக வெட்டி இரண்டு பக்கமும் மாட்டினோம். மூடிய நிலையிலிருந்து மையத்தைத் தாண்டுகிற கோணத்தை மட்டும் நாலு தடவை மாற்றினேன். ஐந்தாவது தடவை உதறியபோது 'டக்' என்று ஒரு சத்தம். அண்ணன் வாங்கி அவரும் உதறினார். பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டு அவரையும் உதறச் சொன்னார். "எதுக்குங்க?" என்ற கேள்வி அதற்கப்புறம் வரவில்லை.

மிச்சம் இருந்தது, தொடரில் மூடி திறந்ததும் பெட்டிக்குள் சுழலுமே, அந்த வட்டம். படப்பிடிப்புக்குச் செய்த கருவிகள் சிலவற்றில் அதை ஒரு ஸ்டாப்வாட்ச் இயந்திரம்தான் சுற்றியது. நான் பேட்டரியே வேண்டாம் என்றிருந்தேன். கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும் ஓஎச்பி தாளில் இரண்டு வட்டம் அச்சடித்தேன்: மையத்திலிருந்து கிளம்பும் கோடுகள் ஒன்றில் 72, இன்னொன்றில் 75. ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் மூன்று இதழ் தெரியும். 75 கோட்டு வட்டத்தை 10 டிகிரி திருப்பினால் இதழ்கள் 250 டிகிரி ஓடும். மூடியிலிருந்து ஒரு தூண்டில் நரம்பு அந்தப் பத்து டிகிரியை இழுத்தால் போதும், பூ சுழன்றுவிடுகிறது. சல்லடையில் கோலப் புள்ளி வைக்கலாமே என்று தங்கை சொன்னாள். ரசிகர்கள் அடிக்க வருவார்கள் என்று விட்டுவிட்டேன்.

முப்பது செய்தேன். ஒரு விற்பனைத் தளத்தில் தொடரின் பெயரைத் தலைப்பில் போட்டுப் பட்டியலிட்டேன். இரண்டாம் நாளே தூக்கிவிட்டார்கள். வணிக முத்திரை அடுத்தவருடையது, குற்றம் என்னுடையது. பெயரை எடுத்தேன், ஒரே மாதிரியாக இருந்த வெளிவடிவத்தையும் மாற்றினேன். உதறலுக்கு யாரும் முத்திரை கேட்கவில்லை. இருபத்தாறு போய்விட்டது. வாங்கியவர்கள் அனுப்புவது பெரும்பாலும் மூன்று வினாடி வீடியோதான். முகம் இருக்காது. ஒரு கை, ஒரு 'டக்'.

போன வாரம் ஒருவர் தன் ஃபிளிப் போனுக்கு ஒன்று செய்து தர முடியுமா என்று கேட்டார். போனே மடங்கித் திறக்கும்போது இது எதற்கு என்று கேட்க வாயெடுத்தேன், வரவில்லை. அளவு வாங்கி வைத்திருக்கிறேன்.