வாளி

ஜூன் 3
உடம்புல ஈயம் ஏறியிருக்கான்னு பார்க்க ரத்தம் கொடுத்தாச்சு. முடிவுக்கு ஒரு வாரம். வயிறு முறுக்கிப் பிடிக்குது, நாலு நாளா வெளிக்குப் போகலை.

ஜூன் 4
அம்பத்தூர் ஷெட்ல பழைய கிரேன் பெயிண்டைச் சுரண்ட கிரைண்டர் பிடிச்சேன். மேல சாம்பல், கீழே மஞ்சள், அதுக்கும் கீழே சிவப்பு. "ரெட் ஆக்சைடுதான்பா, ஒண்ணும் பண்ணாது" என்கிறார் மேஸ்திரி. பதினெட்டு வருஷமா பெயிண்ட் அடிக்கிறவன்கிட்ட இந்தக் கதை. ரெட் ஆக்சைடு துரு நிறம். இது ஆஞ்சநேயருக்குச் சாத்துற செந்தூர நிறம். ஈயச் செந்தூரம். மூக்குல கர்ச்சீப்தான் கட்டியிருந்தேன்.

ஜூன் 5
என் சட்டையும் பாப்பா யூனிஃபார்மும் ஒரே வாளி. இத்தனை வருஷமா.

ஜூன் 7
டார்ச் அடிச்சு ஈறைப் பார்த்தேன். நீலக் கோடு விழும்னு சொன்னாங்க. மாவா புகையிலைக் கறையில எது கோடு, எது கறை?

ஜூன் 10
ரத்தத்துல ஈயம் 62. டெசிலிட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம்னு எழுதியிருக்கு. ஹீமோகுளோபின் 9.8. போன வருஷம் தெரு கிளினிக்ல ரத்தசோகைன்னு சொல்லி ஆறு மாசம் இரும்பு மாத்திரை கொடுத்தாங்க. இப்போ டாக்டரம்மா சொல்றாங்க, இரும்பு இருந்தும் பிரயோஜனம் இல்லையாம், அதை ரத்தமா மாத்துற வேலையையே ஈயம் நடுவுல புகுந்து கெடுக்குதாம். சிவப்பணுவில நீலப் புள்ளி தெரியுதாம். வேலையை விட்டா ரத்தத்துல இருக்கிறது ஒரு மாசத்துல பாதி இறங்குமாம். எலும்புல இறங்கினது வருஷக்கணக்குல கிடக்குமாம்.

1948-ல வந்த ஃபேக்டரி சட்டத்துலயே, சர்க்காருக்குச் சொல்லியே ஆகவேண்டிய நோய்ப் பட்டியல்ல முதல் பேரா இருந்தது இதுதானாம். எந்த ஷெட்னு கேட்டாங்க. பேசாம உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 11
மேஸ்திரி போன்: "ஷெட் பேரை மட்டும் சொல்லிடாதப்பா."
அப்போ தெரிஞ்சுதான் இருந்திருக்கு.

ஜூன் 12
வீட்டுக்கு அடிச்சு மிஞ்சின டப்பாவுல 'ஈயம் சேர்க்காதது'ன்னு போட்டிருக்கு. வீட்டுப் பெயிண்டுல ஈயம் 90 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்துல 90 பங்குக்கு, மேல கூடாதுன்னு 2016-ல விதி வந்துச்சு. இரும்புக்கு அடிக்கிற ஃபேக்டரி பெயிண்ட் அந்த விதியில வராது. சுவருக்கு ஒரு நியாயம், கிரேனுக்கு ஒரு நியாயம்.

ஜூன் 13
"அப்பா, ஏன் இப்பல்லாம் என்னைத் தூக்க மாட்டேங்குற?"

ஜூன் 14
குளிச்சு, சட்டை மாத்திட்டுத் தூக்கினேன். நகக்கண்ணுல சிவப்பு இன்னும் போகலை. இறக்கி விட்டுட்டேன்.

ஜூன் 16
பாப்பாவுக்கும் ரத்தம் எடுத்தாச்சு. அழலை. என் கட்டை விரலைப் பிடிச்சுக்கிட்டா. வர்ற வழியில அவங்கம்மா ஒண்ணும் பேசலை. பாடி மார்க்கெட்ல இறங்கி ஒரு பச்சை வாளி வாங்கினா, அவ்வளவுதான்.

ஜூன் 18
ஷெட் பேரைச் சொல்லிட்டேன்.

ஜூன் 20
பாப்பா ரிப்போர்ட் நாளைக்காம். பழைய வாளி இன்னும் மாடிப்படிக்குக் கீழேதான்