வராந்தாவில் கோடுகள் கரையும் இடம்

மும்பை மாட்டுங்காவில் எங்கள் கட்டடத்தின் வராந்தா 9 மீட்டர் நீளம். மூன்று வாரமாக அதன் கோடிச் சுவரில் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட தாள் ஒன்று தொங்குகிறது. பால்காரர் உட்பட எல்லோரும் விசாரித்தாகிவிட்டது. எவ்வளவு தூரம் தள்ளிப்போனால் கோடுகள் ஒன்றாகக் கலந்து வெறும் சாம்பலாகத் தெரியும் என்று பார்க்கத்தான்.

கண்ணுக்கு ஒரு பாகைக் கோணத்துக்குள் எத்தனை கறுப்பு-வெள்ளை ஜோடி அடங்குகிறதோ, அதுதான் இடஞ்சார் அதிர்வெண். 57 செ.மீ. தள்ளி வைத்த 1 செ.மீ. ஏறக்குறைய ஒரு பாகை. தாள் அதேதான், நான் பின்னால் போகப் போக அதிர்வெண் ஏறும்.

முதல் இரண்டு மாலைகள் வீண். ஜெராக்ஸ் கடையில் தாளைக் கொஞ்சம் சுருக்கி அச்சிட்டுவிட்டார்கள். பத்து ஜோடிக்கு 20 மி.மீ. வரவேண்டியது 19தான் இருந்தது. ஸ்கேல் வைத்துப் பார்க்காதது என் தப்பு.

சரியான தாளில் எனக்கு 4.3 மீட்டரில் கோடுகள் கரைந்தன: பாகைக்கு 37, 38 ஜோடி. கண்ணாடியைக் கழற்றினால் 1.2 மீட்டரிலேயே, அதாவது பத்தில், எல்லாம் போயிற்று. அம்மா 2.6 மீட்டரில் நின்றுகொண்டு, "சாம்பல் துணிதானே தொங்குகிறது, கோடு எங்கேடா?" என்றாள். கணக்குப்படி 23. விழித்திரையின் மையத்தில் கூம்புச் செல்கள் எவ்வளவு நெருக்கமோ அவ்வளவுதான் பிடிபடும். நல்ல கண்ணுக்கும் சுமார் 60தான் எல்லை.

பிறகு மடிக்கணினியில் கேம்பெல்-ராப்சன் படத்தை வரைந்தேன். 1968இல் இந்தத் துறையின் முக்கியமான ஆய்வை வெளியிட்ட இருவரின் பெயர் அது. இடமிருந்து வலமாகக் கோடுகள் மெலியும். கீழிருந்து மேலாகக் கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள நிறவேறுபாடு மங்கும். (திரையின் ஒளி, நிரலில் நாம் கொடுக்கும் எண்ணுக்கு நேர் விகிதத்தில் ஏறாது. அதைத் திருத்தவே ஓர் இரவு போயிற்று.)

மெல்லிய கோடுகள் சீக்கிரம் மறையும் என்று எதிர்பார்த்தேன். இடது ஓரத்தின் தடித்த பட்டைகளுமா மறையவேண்டும்? ஒரே உயரத்தில் எல்லாப் பட்டைக்கும் ஒரே நிறவேறுபாடுதான் கொடுத்திருந்தேன். ஆனாலும் நடுவில் மட்டும் கோடுகள் அதிக உயரம்வரை தெரிந்து, ஒரு மேடுபோல் எழுந்து நின்றன. பார்வைச் செல்கள் ஒரு புள்ளியை அதன் சுற்றுப்புறத்தோடு ஒப்பிட்டே வேலை செய்கின்றன. மெதுவாக மாறும் வெளிச்சம் கழிபட்டுவிடுகிறது. நல்ல வெளிச்சத்தில் மேட்டின் உச்சம் பாகைக்கு 3 முதல் 5 ஜோடிக்குள் அமையும்.

நாற்காலியைப் பின்னால் இழுத்தேன். மேடு மெல்ல இடப்பக்கம், தடித்த பட்டைகளை நோக்கி நகர்ந்தது. முன்னால் வந்தால் வலப்பக்கம். திரையில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. பத்துத் தடவையாவது முன்னும் பின்னும் நகர்ந்திருப்பேன். கீழ் வீட்டுக்காரர் வந்து கேட்டபிறகே நிறுத்தினேன்.

அம்மாவின் மேடு எங்கே நிற்கிறது என்று பார்க்க நேற்று கூப்பிட்டேன். சீரியல் முடியட்டும் என்றாள்.