மண்டபத்தில் காருக்கு மெஷின் வாக்ஸ் போட்ட கதை

கார் 2014 மாடல் ஸ்விஃப்ட், கருநீலம். வீடு, ராமேஸ்வரம் பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கும் மண்டபம் என்ற ஊரில். மொட்டை மாடியில் ஏறினால் இந்தப் பக்கம் வடகடல், அந்தப் பக்கம் தென்கடல். ஊரிலிருந்து வருகிறவர்கள் "ஆகா" என்பார்கள். கார் வைத்திருப்பவனுக்குத்தான் கஷ்டம் தெரியும். ஆடியில் கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து உப்பைக் கொண்டுவந்து அப்பும், கார்த்திகையில் வாடைக்காற்று வடக்கிலிருந்து அப்பும். போதாததற்கு 2017-ல் தனுஷ்கோடிக்கும் அப்பால் நில முனையான அரிச்சல்முனை வரை தார் ரோடு வந்துவிட்டது. எந்தச் சொந்தக்காரர் வந்தாலும் கார் அங்கே போய்த் திரும்பியாக வேண்டும். திரும்பி வந்த பிறகு பானட்டில் விரலால் பெயர் எழுதலாம், விரலை நாக்கில் வைத்தால் கரிக்கும்.

உப்பு பெயிண்டில் ஒட்டாமல் இருக்கட்டும் என்று ஏப்ரல் கடைசியில் முதல் தடவையாக வாக்ஸ், அதாவது மெழுகு, போட்டேன். டப்பாவில் வரும் கெட்டி வாக்ஸ், கையால். நிறையப் பூசினால் நிறைய நாள் நிற்கும் என்று நினைத்து, அடைக்கு வெண்ணெய் வைப்பதுபோல அப்பினேன். வேப்பமர நிழல்தான், ஆனால் மணி பத்து, சித்திரை மாசம். தகரம் ஏற்கனவே சுட்டுக்கொண்டிருந்தது. கூரையில் பூசிய வாக்ஸ் சுண்ணாம்பு அடித்ததுபோலக் காய்ந்து பிடித்துக்கொண்டது. துடைத்துத் துடைத்துத் தோள்பட்டை போனது. ராத்திரி தெருவிளக்கு வெளிச்சத்தில் பார்த்தால் கார் முழுக்கத் திட்டுத் திட்டாக நிற்கிறது.

அப்போது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது, எல்லாரும் கரையில் படகைப் பழுது பார்ப்பார்கள். பக்கத்துத் தெருவில் பைபர் படகுப் பட்டறையில் வேலை பார்க்கும் அண்ணன் வந்து காரைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அவர்களும் தினம் வாக்ஸ் போடுகிறவர்கள்தான். அச்சிலிருந்து படகு ஒட்டாமல் கழன்று வருவதற்காக, அச்சின் உள்பக்கம் வாக்ஸ் பூசித் தேய்ப்பார்கள். "தம்பி, மோல்டுல வாக்ஸ் தடிச்சுப் போச்சுன்னா அந்தத் தடிப்பு அப்படியே படகு மேல விழும். பூசுறது பெருசில்ல. எல்லாத்தையும் தொடச்சு எடுத்த பெறகும் ஒண்ணு ஒட்டிக்கிட்டு நிக்கும் பாரு, அதான் வாக்ஸ்" என்றார். கையால் அவ்வளவு மெல்லிசாக எனக்கு வராது. மெஷின் வாங்கும் யோசனை அங்கேதான் வந்தது.

வாங்கியது பேடைச் சுழற்றி வாக்ஸ் தேய்க்கும் டூயல் ஆக்‌ஷன் மெஷின், 5 அங்குலத் தட்டு. 4,000 ரூபாய்ச் சொச்சம் ஆனது. ரோட்டரி மெஷின் பக்கமே போகவில்லை. அது ஒரே மையத்தில் வேகமாகச் சுற்றும். கொஞ்சம் அசந்து ஒரே இடத்தில் நிறுத்தினால் பெயிண்ட் சூடாகிவிடும், விளிம்புகளில் பெயிண்டையே வழித்துவிடும். கலருக்கு மேலே இருக்கும் நிறமில்லாத பூச்சான கிளியர்கோட் சுமார் 40, 50 மைக்ரான்தான். பழகாத கைக்கு வேண்டாத வம்பு. டூயல் ஆக்‌ஷனில் தட்டு மையம் விலகிச் சின்னச் சின்ன வட்டமாக அதிர, தட்டில் ஒட்டியிருக்கும் பேட் தன் போக்கில் மெதுவாகச் சுழலும். கையை ஊன்றி அழுத்தினால் சுழற்சி நின்று வெறும் அதிர்வுதான் மிஞ்சும். தட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைத்தேன். கோடு சுற்றி வருவது கண்ணில் பட்டால் அழுத்தம் சரி.

ஜூலையில் இரண்டாவது தடவை. இதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ஆறு வேகம் இருக்கிற மெஷினை ஐந்தில் வைத்து, பேடில் வாக்ஸை ஊற்றி, காரில் வைப்பதற்கு முன்பே சுவிட்சைத் தட்டிவிட்டேன். கண்ணாடி, சட்டை, சுவர், கொடியில் காய்ந்த அம்மாவின் சேலை, எல்லாவற்றிலும் பால் தெளித்த மாதிரி வாக்ஸ். மீதியைப் பூசி முடிப்பதற்குள் ஆடிக்காற்று மணலை வாரி ஈர வாக்ஸ் மேல் போட்டது. மணல் விழுந்ததைத் துணியால் துடைப்பதும் உப்புத்தாளால் தேய்ப்பதும் ஒன்று. அப்படியே தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு உள்ளே போய்விட்டேன். வைப்பருக்குக் கீழே இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக்கில் மட்டும் வெள்ளை வெள்ளையாகப் படிந்து நின்றது. பழைய பல் துலக்கும் பிரஷும் கார் ஷாம்புவுமாக இரண்டு நாள் போராடியும் ஓரங்களில் இன்னும் இருக்கிறது.

செப்டம்பரில் கச்சான் தணிந்ததும் மூன்றாவது தடவை. முதல் நாள் சாயந்திரம் கழுவல். எங்கள் போர் தண்ணீர் உப்பு. காய்ந்தால் சொட்டுச் சொட்டாக வெள்ளைக் கறை நிற்கும். அதனால் கழுவுவது போர் தண்ணீரில், கடைசியாக அலசி விடுவது இரண்டு குடம் காவிரித் தண்ணீரில். "குடிக்கிற தண்ணியக் காருக்கா ஊத்துற?" என்று அம்மா ஒரு மூச்சு திட்டினார். குடிநீர்க் குழாயில் அன்று தண்ணீர் வந்த நாள், அதனால் தப்பித்தேன்.

ரொட்டி சுற்றி வந்த பிளாஸ்டிக் பையைக் கைக்குள் மாட்டிக்கொண்டு, கழுவிக் காய்ந்த கதவின் மேல் மெதுவாகத் தடவிப் பாருங்கள். வெறும் கைக்கு வழுவழு என்று இருக்கும் இடம் பைக்குள்ளிருந்து தொட்டால் ரவை தூவின மாதிரி நறநற என்கும். ஷாம்புவுக்குப் போகாமல் பெயிண்டில் பதிந்து நிற்கும் அழுக்கு அது. களிமண் கட்டி மாதிரி இருக்கும் கிளே பாரை, ஷாம்பு தண்ணீர் தெளித்துத் தெளித்து, அழுத்தாமல் இழுத்தேன். பானட் ஒன்றுக்கே கட்டி பழுப்பாகிவிட்டது. மடித்துப் பிசைந்து சுத்தமான பக்கத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். கீழே விழுந்தால் யோசிக்காமல் தூக்கிப் போட்டுவிட வேண்டும். என்னைக் கேட்டால் அன்றைய வேலையில் முக்கால்வாசி இதுதான்.

மறுநாள் காலை ஆறரைக்கு, ஓலைக் கொட்டகைக்குள். தெற்குப் பக்கம் தார்ப்பாய் கட்டியிருந்தேன். பனி ஈரத்தைத் துடைத்து, இடுக்குகள் காயும்வரை ஒரு டீ. கறுப்பு பிளாஸ்டிக்குக்கெல்லாம் மாஸ்கிங் டேப். இந்தத் தடவை திரவ வாக்ஸ். மிருதுவான ஃபோம் பேடில் பட்டாணி அளவுக்கு நாலு சொட்டு, அவ்வளவுதான். பேடைக் காரில் ஒற்றி, வேகத்தை இரண்டில் வைத்து, அதன் பிறகுதான் சுவிட்ச். இரண்டடிக்கு இரண்டடி இடம், குறுக்கே ஒரு நடை, நெடுக்கே ஒரு நடை. மெஷின் கனமே போதும், கை வழி மட்டும் காட்டினால் சரி. வயரைத் தோள்மேல் போட்டுக்கொண்டேன், இல்லாவிட்டால் அது பெயிண்டில் உரசும். பின்னால் பூசிய இடத்தைப் பார்த்தால் கண்ணாடியில் மூச்சு விட்ட மாதிரி ஒரு மங்கல். பூசினோமா இல்லையா என்று சந்தேகம் வருகிற அளவு. அண்ணன் சொன்ன மெல்லிசு இதுதான் போலிருக்கிறது.

டப்பாவில் பதினைந்து நிமிஷம் என்று போட்டிருந்தது. இங்கே முக்கால் மணி நேரம் ஆனது. பால் மாதிரி இருக்கும் இந்த வாக்ஸில் தண்ணீரும் உண்டு, கடற்கரை ஈரக்காற்றில் அது மெதுவாகத்தான் காயும். கடிகாரத்தைப் பார்க்காமல் விரலால் ஒரு இழுப்பு இழுத்துப் பார்க்க வேண்டும். இழுத்த இடம் தெளிவாகப் பளிச்சென்று தெரிந்தால் துடைக்கலாம், எண்ணெய் மாதிரி ஈஷினால் இன்னொரு டீ. துடைக்க மெஷின் வேண்டியதில்லை. மைக்ரோஃபைபர் துணியால் இரண்டு இழுப்பில் வந்துவிட்டது. ஏப்ரலில் அரை டப்பா காலியான காருக்கு இப்போது நாலு மூடிகூட ஆகவில்லை.

காத்திருந்த நேரத்தில் டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன், கார்னோபா என்று இருந்தது. அது பிரேசிலின் வடகிழக்கில், வறண்ட பக்கத்தில் வளரும் ஒரு பனை. ஓலை நம் பனை மாதிரியே விசிறி ஓலை. வெயிலில் ஈரம் போகாமல் இருக்க ஓலை தன்மேல் பூசிக்கொள்ளும் மெழுகை, காயவைத்து அடித்து உதிர்த்து எடுக்கிறார்கள். 80 டிகிரிக்கு மேல் போனால்தான் உருகும். தலைக்கு மேலே பனையோலைக் கொட்டகை, கீழே பனையோலை மெழுகு.

ஆறு வாரம் ஆகிறது. நடுவில் அரிச்சல்முனைக்கு இரண்டு தடவை போய் வந்தாயிற்று. வெறும் தண்ணீர் பீய்ச்சினாலே உப்பு இறங்கிவிடுகிறது, பானட்டிலும் கதவிலும் தண்ணீர் முத்து முத்தாக உருளுகிறது. கூரையில் மட்டும் இப்போதே தண்ணீர் தட்டையாகப் படர ஆரம்பித்திருக்கிறது. நாள் முழுக்க வெயில் வாங்குகிற இடம். ஐப்பசி மழை வலுப்பதற்குள் கூரைக்கு மட்டும் இன்னொரு கை போட வேண்டும்.

ஓட்டுகிற பக்கக் கதவின் கீழ் விளிம்பில் பெயிண்ட் கடுகளவு உப்பியிருப்பதை டேப் ஒட்டும்போதுதான் பார்த்தேன். உள்ளே துரு. அதற்கு மேல் எத்தனை பூச்சு போட்டும் பிரயோஜனமில்லை, மெஷினும் அங்கே நுழையாது. சுரண்டிப் பிரைமர் அடிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு வந்தால் உப்புத்தாள் தருகிறேன் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார்.